கிழக்குப் பாதி

நூற்று எண்பத்திரண்டு மணி நேரம் நான் அந்தக் காட்டின் கிழக்குப் பாதியில் நின்றிருக்கிறேன். நடந்ததைச் சேர்க்கவில்லை. நின்றது மட்டும்.

எங்கள் வேலை அப்படி. விடிந்தும் விடியாத நேரத்தில் குறித்த இடத்துக்குப் போய் அசையாமல் நிற்க வேண்டும். சற்று நேரம் காதில் விழும் பறவைகளையெல்லாம் எழுத வேண்டும். கண்ணில் படுவது குறைவு, இலை மறைத்துவிடும். பிறகு அடுத்த இடம், மறுபடி நிற்பது. வெயில் ஏறியதும் பறவைகள் வாயை மூடிக்கொள்ளும். நாங்களும் மூட்டை கட்டிவிடுவோம்.

நாங்கள் என்றால் பயிற்சிக்கு வந்த இரண்டு பேர். மற்றவனுக்குப் பெயர் கொக்கு. கழுத்தும் காலும் அப்படி. எனக்கு அவன் வைத்த பெயர் கோட்டான். ஊமைக்கோட்டான் என்பதன் சுருக்கம். முதல் வாரம் முழுக்க நான் அவனிடம் 'சரி', 'இல்லை' தவிர வேறெதுவும் பேசவில்லை. "வாயத் தொறந்தா முத்து கொட்டிருமா?" என்றான். அதற்கும் 'இல்லை' என்றேன்.

பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. முடிந்ததும் சான்றிதழ் தருவார்கள். இரண்டு பேரில் ஒருவரை, இந்தக் கணக்கெடுப்பை நடத்தும் மேடம் களப்பணியாளராக எடுத்துக்கொள்வார். அது சம்பள வேலை. விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ஒற்றை இடத்தைத் தவிர வேறு நினைப்பில்லை. எங்கே விண்ணப்பித்தாலும் கள அனுபவம் கேட்டார்கள். அது எங்கே கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. மேடம் ஒருவர்தான் "வா, கத்துக்க" என்றார்.

காட்டுக்குள் ஒரு சாலை வரப்போகிறது. மேற்குப் பாதி வழியாகவா, கிழக்குப் பாதி வழியாகவா என்பது முடிவாகவில்லை. சாலைத்துறை மேடத்திடம் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று: ஊசி எந்தப் பக்கம் இருக்கிறது?

ஊசி என்பது நாங்கள் வைத்துக்கொண்ட பெயர். கட்டைவிரல் அளவுப் பறவை. மர உச்சியை விட்டு இறங்காது. பார்ப்பது அபூர்வம், குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மெல்லிய, கூர்மையான குரல். இந்த இனம் எங்குமே குறைந்துகொண்டு வருவதால், அது இருக்கும் பக்கம் மரத்தில் கை வைக்கக் கூடாது என்பது சட்டம்.

கொக்கு மேற்கில் நின்றான். நான் கிழக்கில். அவனுக்குப் போன இடமெல்லாம் ஊசி. எனக்கு ஓரிடத்திலும் இல்லை.

மேடம் சந்தேகப்படவில்லை. ஆரம்பத்தில் வைத்த, குரலை வைத்துப் பறவையைச் சொல்லும் குரல் தேர்வில் நான்தான் முதல். "கிழக்குல மரமெல்லாம் இளசு. ஊசிக்குக் கிழட்டு மரம் வேணும்," என்றார். அந்தக் காரணத்தை விரித்து அறிக்கையில் ஒரு பத்தி எழுதச் சொன்னார். பட்டையின் வெடிப்புகள், அவற்றில் ஒளியும் சின்னப் பூச்சிகள், எல்லாம் போட்டு எழுதினேன். மேடம் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. அன்று பேருந்தில் இடம் கிடைக்காமல் வீடு வரை நின்றுகொண்டே போனதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் தங்கை கேட்டாள். பத்தாவது படிக்கிறாள். கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு கணக்குப் போடுகிற சாக்கில் என் போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த ஊசி எப்படிக்கா கத்தும்? போட்டுக் காட்டேன்."

மேடம் அனுப்பிய ஒலிப்பதிவு போனில் இருந்தது. அழுத்தினேன். துணி மடித்துக்கொண்டே காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"பதிவு கெட்டுப்போச்சு போல," என்றேன்.

"ஐயோ நிறுத்துக்கா! காத குத்துது!" தங்கை இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டிருந்தாள்.

நான் சிரித்தேன். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"உனக்கு... கேக்கலியா?"

மறுபடி போட்டேன். போனைக் காதோடு வைத்து அழுத்தினேன். இலை அசையும் ஓசை. எங்கோ தூரத்தில் ஒரு வண்டி. அவ்வளவுதான். தங்கை மட்டும் கையை ஆட்டினாள்: "இப்ப. இப்ப. இந்தா, இப்ப மறுபடியும்."

குரல் தேர்வு நினைவுக்கு வந்தது. மேடத்தின் கணினியில் ஒலி ஓடும்போதே அதன் படமும் திரையில் ஓடும். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு கோலம். ஊசியினுடையது திரையின் உச்சியில் சின்னச் சின்னக் கீற்றுகள். நான் அந்தக் கீற்றுகளைப் பார்த்துத்தான் ஊசி என்று எழுதியிருக்கிறேன். தேர்வின்போது மேடம் திரையை அணைக்கவில்லை. மற்றவர்களுக்கும் அது கேட்டும் கேட்காமலும்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப மெல்லிய குரல் என்றுதானே எல்லாரும் சொன்னார்கள்.

"அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை அவளை முதல் பேருந்தில் கூட்டிக்கொண்டு போனேன். "லீவு நாள்லயும் காடா?" என்றாள் அம்மா. "பேசாம உன்ன அந்தக் காட்டுக்கே கட்டிக் குடுத்திருக்கலாம். இவளையும் எதுக்குடி இழுத்துட்டுப் போறே?" தங்கை எனக்காக ஒரு பொய் சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கு இலை சேகரிக்க வேண்டுமாம்.

நான் வழக்கமாக நிற்கும் முதல் இடத்தில் அவளை நிறுத்தினேன். பேசாதே, கை மட்டும் காட்டு என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. என் மனம் லேசானது. பிறகு அவள் கை எழுந்தது. எங்கள் தலைக்கு நேர் மேலே. பிறகு இடது பக்கம். பிறகு ஓடைக்கு அந்தப் புறம்.

நான் அந்த உச்சிக் கிளையைப் பார்த்தேன். இலை அசைந்தது. எத்தனையோ காலை அதன் அடியில் நின்றிருக்கிறேன்.

அடுத்த இடத்துக்குப் போனோம். அங்கேயும் காட்டினாள். அதற்கடுத்த இடத்தில் அவள் கையைத் தூக்கவில்லை. என்னைப் பாவம் பார்த்துத் தூக்காமல் இருந்ததாகப் பேருந்தில் சொன்னாள்.

போனில் பதிவு செய்து பார்த்தேன். காற்றின் இரைச்சல்தான் மிஞ்சியது. நல்ல பதிவுக் கருவி மேடத்தின் அலமாரியில் இருந்தது. கேட்டால் எதற்கு என்பார்.

மருத்துவமனையில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். வெளியே கருவியில் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்த பெண் கதவைத் திறந்தாள். "நீ என் கையப் பாத்துப் பாத்து அழுத்தறேம்மா. கண்ண மூடு." கண்ணை மூடினேன். அதன்பிறகு நெடுநேரம் பொத்தான் என் கையில் சும்மா இருந்தது.

காது மருத்துவர் கோடு வரைந்த தாளைக் காட்டினார். பாதி தூரம் நேராகப் போன கோடு, கடைசியில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது.

"உச்சத்துல இருக்கற சத்தம் மட்டும் உங்களுக்குக் கேக்காது. நரம்புக் கோளாறு. சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கும். பேச்செல்லாம் கேக்குதில்ல?"

"கேக்குது டாக்டர்."

"அப்புறம் என்ன? இதனால வாழ்க்கையில ஒரு குறையும் வராது."

"பறவை..." என்றேன்.

"கிளி வளக்கறீங்களா?" என்று சிரித்தார். கருவி வைத்தால் கேட்குமா என்று கேட்டேன். அவ்வளவு உச்சத்துக்கு அது உதவாது என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

அலுவலகம் டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. மறுநாள் நான் போனபோது மேடம் அறிக்கையின் கடைசிப் பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட வேண்டும் என்று படியேறும்போது நினைத்திருந்தேன்.

"மேடம், கிழக்குல இன்னொரு தடவ பாக்கலாமா?"

"எதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை சும்மா போயிருந்தேன். ஊசி இருக்கற மாதிரி..."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நீ கேட்டியா?"

"என் தங்கச்சி கேட்டா."

"அவ என்ன படிக்கிறா?"

"பத்தாவது."

மேடம் சிரித்தார். கேலியாக இல்லை, அன்பாகத்தான். "இத்தன மாசம் நின்ன உனக்குக் கேக்காதது, ஒரு நாள் வந்த அவளுக்குக் கேட்டுதாம்மா?"

ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் தரையைப் பார்த்தேன்.

"ஏதாவது பூச்சியா இருக்கும். உன்கிட்ட இருக்கற ஒரே குறை, உன் மேலயே உனக்கு நம்பிக்கை கிடையாது. உன்ன மாதிரி அசையாம நிக்கற ஆள் எனக்குக் கிடைச்சதே இல்ல." மேசை இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். "அப்புறமா குடுக்கலாம்னு இருந்தேன். வேலை உனக்குத்தான். நாளைக்கு சாலைத்துறைலேர்ந்து வர்றாங்க. அவங்க போனதும் கையெழுத்துப் போட்டுக் குடு."

உறையை வாங்கிக்கொண்டேன். நன்றி என்றும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

கொக்கு மாடிப்படியில் உட்கார்ந்து காலணியிலிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது.

"கோட்டானுக்கு வேல, கொக்குக்குக் கல்லாப்பெட்டி. மாமா கடையில நாற்காலி காலியா இருக்காம். ஃபேன் எல்லாம் போட்டு வெச்சிருக்காரு."

"ஒரு உதவி செய்யேன். நாளைக்குக் காலைல நீ கிழக்க போய் நின்னு பாரு."

"எதுக்கு? சம்பளம் உனக்கு, கொசுக்கடி எனக்கா?"

"சும்மா ஒரு தடவ."

அவன் என் முகத்தைப் பார்த்தான். "ஏ, அழாத. நான் விளையாட்டுக்குச் சொன்னேன். உனக்குக் கிடைச்சதுல எனக்கு வருத்தமில்ல. சத்தியமா." குச்சியை வீசிவிட்டு எழுந்தான். "எங்க வீட்ல உனக்குக் கோயில் கட்டுவாங்க. பையன் காட்ட விட்டு வந்துட்டான்னு."

அவனிடமும் சொல்ல முடியவில்லை. அவனுக்குக் கேட்கிறது. அந்த வேலை நியாயமாக அவனுடையது. இதைச் சொன்னால் இந்த வேலை மட்டுமல்ல, எந்தக் காட்டு வேலையும் எனக்குக் கிடையாது. வீட்டில் அன்று உறையைப் பார்த்த அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். "சின்ன வயசுல எத்தன தடவ கூப்பிட்டாலும் எதையோ வேடிக்கை பாத்துட்டு நிப்பே. அந்த நிக்கறதுக்கே ஒருத்தங்க சம்பளம் குடுக்கறாங்க பாரு," என்றாள். தங்கை புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் வந்த சாலைத்துறை அதிகாரி வயதானவர். மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. மேடம் வரைபடத்தை மேசையில் விரித்தார். மேற்குப் பாதி முழுக்கப் பச்சைப் புள்ளிகள். எல்லாம் கொக்கு கேட்ட ஊசிகள். கிழக்குப் பாதி வெறும் தாளாக இருந்தது. கொக்கு சுவரோரமாக நின்றான். கீழே டயர் கடையில் யாரோ இரும்பை இரும்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுதிய பத்தியை அதிகாரி நிதானமாக, உதடு அசையப் படித்தார்.

"கிழக்குல நின்னது யாரு?"

"இவதான் சார்," என்றார் மேடம். "ரொம்ப அமைதி. ஆனா வேலைல கெட்டி."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "எனக்குப் பறவையப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. ஆனா வெட்டலாம்னு கையெழுத்துப் போடறவன் நான். போட்டுட்டா அப்புறம் நிறுத்த முடியாது, அடுத்த வாரமே மிஷின் வந்துரும். அதனால காகிதத்துல படிச்சது பத்தாது, நின்னவங்க வாயால கேக்கணும். அந்தப் பக்கம் ஒண்ணுகூட இல்லையா?"

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் தலையசைத்து ஊக்கினார், குழந்தையை மேடையேற்றுகிற மாதிரி.

"சொல்லும்மா. கூச்சப்படாத."

வரைபடத்தின் கிழக்குப் பாதியில் விரலை வைத்தேன்.

"இருக்கு சார்."

"என்னது?" என்றார் மேடம்.

"கிழக்குல ஊசி நிறைய இருக்கு மேடம். எனக்குத்தான் அது குரல் கேக்காது."