நாய் இன்னும் ஊரில்தான் இருக்கிறது

எங்கள் பிளாக்கில் உலக நிலவரம் தெரிந்துகொள்ள டி.வி. போட வேண்டியதில்லை. மாலை காபியைக் குடித்த கையோடு பூங்காப் பக்கம் நாலு எட்டு நடந்தால் போதும். தூங்குமூஞ்சி மரத்தடி சிமெண்டு பெஞ்சில் தூதர் சார் உட்கார்ந்திருப்பார்.

அவர் பெயர் இளவழகன். காடாம்புலியூர்க் குடும்பம். அப்பா இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இதே டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் படித்து, பெரிய பரீட்சை எழுதி, வெளியுறவுத் துறைக்குப் போய், கொடி கட்டிய காரில் பல ஊர் சுற்றிவிட்டு, ஓய்வு பெற்றதும் தங்கை அமிர்தத்தின் குவார்ட்டர்ஸ் முன்னறைக்கு வந்து சேர்ந்துவிட்டார். அமிர்தம் சுரங்கக் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவருடைய மனைவி கனடாவில் மகளோடு இருக்கிறார். அங்கே குளிர் தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பார் தூதர் சார். குளிரா மருமகனா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அமிர்தத்திடம் கேட்டால் அவள் உடனே அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள்.

அவர் பேசுவதைக் கேட்பது சுகமாகத்தான் இருக்கும். குரலை உயர்த்த மாட்டார். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் மூன்று நாட்டு எல்லையைக் கடந்துதான் திரும்பி வருவார். சண்டை நெருங்கும் ஊர்களில் முடி வெட்டும் கடையில் கூட்டம் கூடிவிடும் என்பார். முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடப்பார்களாம். நாடகக் கொட்டகையில் இடம் கிடைக்காதாம். அவர் சொல்லச் சொல்ல, மரத்துக்குப் பின்னால் அனல்மின் நிலையத்துக் கோபுரப் புகை வானத்தில் மெதுவாக மலர்ந்துகொண்டிருக்கும். எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோகும்.

ஒரே ஒரு குறை. கேள்வி கேட்டால் பதில் வராது. "இதை இரண்டு விதமாகப் பார்க்கலாம்" என்று தொடங்கி, "நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வரவேண்டும்" என்று முடிப்பார். பிளாக் முழுக்க அந்த வாக்கியம் பரவிவிட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், "நிலைமைய உன்னிப்பா கவனிச்சிக்கினு கீறோம்" என்று பதில் வரும். என் வீட்டுக்காரரே ஒருநாள் சாம்பாரில் உப்பு இல்லாததற்கு அப்படிச் சொன்னார். நான் அவரை உன்னிப்பாகக் கவனித்தேன். அதற்குப்பின் சொல்வதில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு கேட்க முடியாதவள் ஒருத்தி உண்டு. என் பக்கத்து வீட்டு மலர்விழி. அவள் மகன் அருண்குமார் வளைகுடாவில் ஒரு நாட்டில் எரிவாயு ஆலையில் வேலை பார்க்கிறான். நாட்டின் பெயரைச் சொல்லக்கூடாது என்று மலர் கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஆகவே நானும் சொல்லவில்லை. மார்கழி பிறந்ததிலிருந்து அந்த நாட்டுக்கும் அதற்குப் பக்கத்து நாட்டுக்கும் முறைப்பு. கடலில் கப்பலை மறிக்கிறார்கள், வானத்தில் ஆளில்லாத விமானம் பறக்கிறது என்று தினமும் ஒரு செய்தி.

பையனைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். மலரின் கணவர் செல்வகுமாரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். மனிதர் பிள்ளைப் பருவம் தீர்ந்த நாளிலிருந்து சுரங்கத்தில் காண்ட்ராக்ட். இன்னும் காண்ட்ராக்ட். இந்த டவுன்ஷிப்பில் பெண் பார்க்கும்போது முதலில் கேட்கிற வார்த்தை பர்மனென்ட்டா என்பதுதான். செல்வகுமாருக்கு அது வாய்க்கவில்லை. மகனுக்கு அங்கே வாய்க்கப் போகிறது. தைக்குள் பர்மனென்ட் ஆர்டர் போட்டுத் தருவதாக அவனுடைய வெள்ளைக்கார மேனேஜர் வாக்குக் கொடுத்திருக்கிறார். நடுவில் கிளம்பினால் எல்லாம் போச்சு.

"பல்லக் கடிச்சிக்கினு பொங்கல் வரைக்கும் இருந்தான்னா போதும். குண்டு என்னா இவன் தலையத் தேடிக்கினா வரப்போவுது?" என்பார் செல்வகுமார்.

"உன் வாயில வசம்ப வெச்சித் தேய்க்க" என்பாள் மலர்.

இந்த நிலையில்தான் ஒரு மாலை தூதர் சார் அந்த நாய்க் கதையைச் சொன்னார்.

"நான் இருந்த ஒரு தலைநகரம். சண்டை வரும்னு யாரும் வாய்விட்டுச் சொல்லலை. பத்திரிகையெல்லாம் சமாதானம்னுதான் எழுதுது. திடீர்னு எதிர்வீட்டு ஐரோப்பியத் தூதர் தன்னோட நாய்க்கு ஊசி போட்டு, கூண்டுல வெச்சு விமானம் ஏத்தினார். அடுத்த வாரம் இன்னொரு தூதர் வீட்டு நாய். அப்புறம் பெண்டு பிள்ளைங்க. கடைசியா ஒரு பியானோ. பியானோ போன அதே வாரம் விமான நிலையத்தை மூடிட்டாங்க." சிரித்தார். "நாங்க ரகசியத் தகவலுக்கு அலைஞ்சதெல்லாம் வீண். நாயைப் பார்த்திருந்தா போதும்."

எல்லோரும் சிரித்தோம். மலர் சிரிக்கவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை வேலி ஓரம் வந்து நின்றாள். "யக்கா, கேட்டுட்டேன். அந்த மேனேஜர் வூட்ல நாயி இருக்குதாம். ரோஜராம் பேரு. பொன்னாட்டம் முடி, தொங்கற காது."

"எதுக்குடி?"

"நாயி இருக்கற வரைக்கும் நம்ம புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது."

அன்றிலிருந்து அருண்குமாரிடமிருந்து தினம் ஒரு படம் வந்தது. ரோஜர் தூங்குவது, ரோஜர் கொட்டாவி விடுவது, ரோஜர் மிச்சச் சப்பாத்தியை முகர்வது. மலர் ஒவ்வொரு வீடாகக் காட்டிவிட்டுத்தான் சோறு வடிப்பாள். டி.வி.யில் என்ன சொன்னாலும், "ரோஜர் இருக்கறானே" என்பாள். பால் பூத்தில்கூட, "நாயி இருக்குதாம்மா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் நிம்மதியாக இருந்தது. செல்வகுமாருக்கு இன்னும் நிம்மதி. நாயும் பர்மனென்ட்டும் ஒரே பக்கம் நிற்கின்றன அல்லவா.

தூதர் சாருக்குத்தான் அது இறங்கவில்லை. மலர் போனை நீட்டினால் வேறு பக்கம் பார்ப்பார். "அது சும்மா ஒரு கதைம்மா" என்பார். அவள் கேட்கவில்லை. பெஞ்சுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். அமிர்தத்தை வழிமறித்துக் கேட்டேன். "அண்ணன் சரியா சாப்பிடறதில்லைங்க. அந்த நாட்டு நெலவரம் கேட்டு பழைய ஆபீஸ் ஆளுங்களுக்கெல்லாம் போன் போட்டுக்கினே இருக்கறார். இவர் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்த வாக்கியத்தையே அவங்க இவர்கிட்ட திருப்பிச் சொல்றாங்களாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அமிர்தம் சிரிக்கவில்லை.

பிறகு அந்தப் பனிக் காலை. அன்றைக்கு எது பனி, எது கோபுரத்து ஆவி என்று பிரிக்க முடியாதபடி பிளாக்கே வெள்ளையாகக் கரைந்து கிடந்தது. மரங்களுக்கு அடிப்பாகம் மட்டும் இருந்தது. எங்கோ ஒரு மயில் கூவியது, திசை தெரியவில்லை. நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது தூதர் சார் கழுத்தில் மஃப்ளரோடு நீந்திவருகிற மாதிரி எதிரே வந்தார். எனக்கு வணக்கம் சொன்னார். அந்த வெண்மையில் அது வேறு ஏதோ நாட்டுத் தெருவில் சொன்ன வணக்கம் போல இருந்தது.

"இப்படி ஒரு பனியில ஒரு ஊரை விட்டுப் புறப்பட்டேன்" என்றார், கேட்காமலே. "கார்ல எனக்குப் பக்கத்துல இடம் காலியா இருந்துச்சு. வாங்கன்னு ஒரு வார்த்தை நான் சொல்லலை."

யாருக்கான இடம் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் மலர் கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். கையில் போன்.

"சார், இன்னிக்காவது பாருங்க. ரோஜர் எப்டி சொகுசா படுத்திருக்கறான்னு."

தப்பிக்க இடமில்லை. வாங்கிப் பார்த்தார். கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"நாய்க்குப் பின்னால கொடியில ஏதோ தொங்குதே, என்னம்மா அது?"

மலர் எட்டிப் பார்த்தாள். "அதுங்களா? லுங்கி. நீலக் கட்டம். நான்தான் பண்ருட்டியில எடுத்துக் குடுத்தேன், அவன் கெளம்பற…"

போனை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

நானும் பார்த்தேன். இத்தனை நாளும் பார்த்த படங்கள்தான். நாய்க்குப் பின்னால் ஒன்றின்மேல் ஒன்றாக இரும்பு அடுக்குக் கட்டில். தகர அலமாரி. அருண்குமாரின் லுங்கி. மேனேஜர் வீட்டு வரவேற்பறை அப்படியா இருக்கும்? பிளாக் மொத்தமும் நாயையே பார்த்தோம். நாய் எங்கே படுத்திருக்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. மற்றவர் வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்று பார்ப்பதில் நான் சோடை போனதே இல்லை, எனக்கே தப்பியிருக்கிறது.

தூதர் சார் மெதுவாகச் சொன்னார். "நாய் போகலைம்மா. நாயை வளர்த்தவர் போயிட்டார்."

மலர் அங்கேயே, ரோட்டிலேயே, மகனைக் கூப்பிட்டாள். அவன் எடுத்ததும் சுற்றி வளைக்கவில்லை. "உன் மேனேஜர் எங்கடா?"

"லீவுல போயிருக்கறார்மா."

"எப்போ?"

"அது… மார்கழி நடுவுலயே. குடும்பத்தோட. நாயக் கூட்டிக்கினு போறதுக்கு பேப்பர் ரெடியாவல. நீ பாத்துக்கோடா, நம்பிக்கையான ஆளு நீதான்னு சொல்லிட்டுப் போனார். வந்ததும் ஆர்டர் குடுக்கறேன்னார்மா. நீ பயப்படுவியேன்னுதான் சொல்லல."

அந்தக் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்த செல்வகுமார் பனிக்குள்ளிருந்து முளைத்தார். விஷயத்தைக் கேட்டதும் ஸ்டாண்டைக்கூடப் போடவில்லை, சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். "லீவுன்னா திரும்பி வருவார் இல்ல? நாய விட்டுட்டுப் போனவர் வராமயா போயிருவார்?"

மலர் அவரைப் பார்க்கவில்லை. "சார், உங்ககிட்ட ஒரே ஒரு வார்த்தை. எம் புள்ள வரட்டுமா, இருக்கட்டுமா?"

"இதை இரண்டு விதமா…" என்று தொடங்கினார் தூதர் சார். பழக்க தோஷம். மலர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்திக்கொண்டார். மஃப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வரட்டும்" என்றார்.

"வந்துட்டா பர்மனென்ட்டு போச்சு. நீங்க வாங்கித் தருவீங்களா?" என்றார் செல்வகுமார். "கொடி கட்ன கார்ல போனவரு உங்களுக்கு என்னா? இன்னிக்கி வரச்சொல்லுவீங்க, நாளைக்கி அங்க ஒண்ணும் ஆவலன்னா?"

"என்னால வாங்கித் தர முடியாதுங்க. ஒண்ணும் ஆகாமலும் போகலாம்." மறுபடி சொன்னார். "ஆனா வரட்டும்."

அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. சொன்னபின் ஏதோ பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரியும் இல்லை. தூக்கிக்கொண்டவர் மாதிரித்தான் இருந்தார்.

அருண்குமார் லேசில் வரவில்லை. "ரோஜர யாரு பாத்துக்குவாங்க?" என்று இரண்டு நாள் இழுத்தான். "உன்ன யாருடா பாத்துக்குவாங்க?" என்று மலர் போட்ட சத்தத்தில் அடுத்த தெருவே எழுந்தது. கடைசியில் மெஸ்ஸில் சமைக்கிற மலையாளத்துக்காரரிடம் நாயை ஒப்படைத்துவிட்டு, கொழும்பு சுற்றி, சென்னையில் இறங்கி, போகிக்கு முந்தின நாள் பஸ்ஸில் வந்து இறங்கினான். மலர் ஆரத்தித் தட்டில் கரைத்த தண்ணீரைவிட அவள் அழுத கண்ணீர் அதிகம். தூதர் சார் தூங்குமூஞ்சி மரத்தடியிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இதை எழுதுகிற இன்றைய காலை வரை அந்த ஊரில் ஒரு குண்டும் விழவில்லை. முறைப்பு இருக்கிறது; மேனேஜர் மட்டும் திரும்பவில்லை. அருண்குமார் வேலை தேடுகிறான், அம்மாவிடம் சிடுசிடுக்கிறான். குண்டு விழுந்தால் தூதர் சார் ஜெயித்தார், விழாவிட்டால் செல்வகுமார் ஜெயித்தார் என்று பால் பூத்தில் பேச்சு. செல்வகுமார் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தூதர் சார் தினமும் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் எழுந்திருக்கிறார். காலையில் பேப்பரைப் பிரிக்கும்போது அவர் முகத்தை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியும்.

இப்போது பெஞ்சில் அருண்குமாரும் வந்து உட்காருகிறான். இன்று காலை சமையல்காரருக்கு வீடியோ கால் போட்டான். தூதர் சார் குனிந்து பார்த்தார், நானும்தான். சமையல்காரர் நாயோடு கேட்டுக்கு வெளியே வந்து, போனைத் தெருப்பக்கம் திருப்பிக் காட்டினார். அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. மணல் நிறத்தில் ஒரு தெரு. பள்ளிக்கூட பஸ் ஒன்று போனது. ஒருத்தர் துணியில் சுற்றிய ரொட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் பார்க்காமல், நிதானமாக நடந்து போனார். அந்த மனிதர் வீடு போய்ச் சேரும்வரை கண்ணெடுக்கக்கூடாது என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பின்னால் சைக்கிள் நின்ற சத்தம். ஷிப்டு முடிந்து, முகத்தில் கரித்தூளோடு செல்வகுமார். போகாமல் நின்றார். மகனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நாயி எளச்சிருக்குதே" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

"ஆமாங்க" என்றார் தூதர் சார். "கொஞ்சம் இளைச்சிருக்குது." பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.