குறட்டை நின்றால்

…நின்றால் நல்லதுதானே என்று சொன்னவள் நான்தான், வேறு யாருமில்லை, கையில் சாக்பீஸோடு, வகுப்பு மொத்தத்துக்கும் முன்னால், அதுவும் சிரித்துக்கொண்டே. இப்போது என் ஸ்கூட்டருக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி சாலையை அடைத்துக்கொண்டு திரும்புகிறது, திரும்பிக்கொண்டே இருக்கிறது, பின்னால் உட்கார்ந்திருக்கும் டயானாவின் விரல்கள் என் இடுப்புச் சதையை இறுக்கிப் பிடித்திருக்கின்றன, பிடிப்பதற்கு அங்கே நிறையவே இருக்கிறது, ஆண்டவரே, இந்த நேரத்திலும் எனக்கு இப்படித்தான் தோன்றுமா… அவளுடைய இன்னொரு கையில் ஒரு சாவி. அந்தச் சாவி திறக்கவேண்டிய மாடி அறையில் அவள் அண்ணன் ஆன்டனி மல்லாக்கப் படுத்திருக்கிறான். குடித்திருக்கிறான். குறட்டை விட்டுக்கொண்டிருந்தான், இவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது குறட்டை நின்றுவிட்டது. நல்லது என்று நான் சொன்னேன்.

போதை விழிப்புணர்வு வாரம், பத்தாம் வகுப்பு, முதல் பீரியட். நீங்க பேசுனா பிள்ளைங்க தூங்காது ரேச்சல் டீச்சர், என்று ஹெச்.எம். சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பெருமை… தூங்கவில்லைதான். கல்லீரலைப் போர்டில் வரைந்து, இது கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகள் மாதிரி, எவ்வளவு வேலை கொடுத்தாலும் வாயைத் திறக்காது, ஒருநாள் மொத்தமாகப் படுத்துவிடும் என்றேன், சிரித்தார்கள். குடித்தவன் நடையை நடந்து காட்டினேன், என் உடம்புக்கு அது தனியாக நடிக்கத் தேவையில்லாத நடை, பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். அப்போதுதான் டயானா எழுந்தாள். வாயைத் திறந்து சந்தேகம் கேட்கிற பிள்ளையே இல்லை. மிஸ், குடிச்சிட்டுப் படுத்தவங்களுக்குக் குறட்டை நின்னுட்டுன்னா, போதை தெளிஞ்சிட்டுன்னு அர்த்தமா? நான் ஒரு நொடியாவது யோசித்தேனா? ஏளா, எங்க வீட்டுக்காரர் குடிக்காமலே ஹார்பர் கப்பல் மாதிரி ஊதுவாரு, அது நின்னா எங்க தெருவுக்கே நல்லதுதானே. வகுப்பே சிரித்தது. டயானாவும் சிரித்தாள், அவள் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன், பயந்த பிள்ளையையும் சிரிக்கவைத்துவிட்டேன் என்று… எதற்குப் பயந்தாள் என்று கேட்கத் தோன்றவில்லையே, பாவி.

லாரி நகர்ந்துவிட்டது, போ, போ ரேச்சல். மணி அடித்த பிறகு வாசலில் வந்து நின்றாளே, அப்பம் பயப்பட ஒண்ணும் இல்லல்ல மிஸ், என்று கேட்டுக்கொண்டு, உள்ளங்கையில் வியர்த்த சாவியோடு. அது என்ன சாவி பிள்ள? அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. அவள் மாமா புதுப் படகு இறக்கியிருக்கிறார், இன்று விடியற்காலையில் பங்குச் சாமியார் வந்து படகை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார், அவர் போனதும் பாட்டில் வந்தது. மாமாதான் ஊத்திக் குடுத்தாவ மிஸ். அண்ணன் வேண்டாம்னுதான் சொன்னான். எல்லாரும் சிரிச்சாவ. ஏலே, பாப்பாவுக்குப் பால் கொண்டாங்கலேன்னு மாமா சொன்னாவ, அதுக்குப் பெறகு அவனே வாங்கி வாங்கிக் குடிச்சான். கூட்டாளிகள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டுவந்து மாடியில் போட்டுவிட்டு, மறுபடி படகுக்கே ஓடிவிட்டார்கள். அம்மா மீன் ஏலத்துக்குப் போயிருந்தார்கள், திரும்பி வந்தால் பார்த்துவிடுவார்களே என்று இவள் அறையைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் வந்துவிட்டாள். எப்படிப் படுத்திருக்கான்? மல்லாக்க மிஸ். நல்லாத்தான் படுக்கவச்சேன், தலையணகூட வச்சேன். தலையணை… அண்ணன்மேல் அவ்வளவு பாசம்.

நூற்றியெட்டுக்கு அடித்தாயிற்று, கதவு பூட்டியிருந்தா உடைக்கச் சொல்லுங்கம்மா என்றார்கள், யாரிடம் சொல்ல, தெருவே படகடியில் நிற்கிறது, அவள் அம்மாவின் போன் அடித்து அடித்து ஓய்கிறது. சாவி எங்களிடம் இருக்கிறது. நாங்கள் இங்கே இருக்கிறோம். நாய் குறுக்கே வருகிறது, ஹாரன் அடிக்கிறேன், ஹாரன் வேலை செய்யவில்லை, ஏய் என்று வாயாலேயே கத்துகிறேன். சுவாசத்தைக் கட்டுப்படுத்தும் மூளையின் பகுதி எது? முகுளம். ஒரு மார்க் கேள்வி. டயானா போன பரீட்சையில் அதைச் சரியாக எழுதியிருந்தாள், ஆன்டனியும் இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னிடம் படித்தபோது சரியாகத்தான் எழுதியிருப்பான், இந்த ஊரில் என்னிடம் படித்த அத்தனை பிள்ளைக்கும் முகுளம் தெரியும். அளவுக்கு மீறிக் குடித்தால் அந்த முகுளமே தூங்கிப்போகும், மூச்சுவிட மறந்துபோகும், வாந்தி வந்தாலும் துப்பத் தெரியாது, மல்லாந்து கிடந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும், இதை எவனுக்கு நான் சொன்னேன்? எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டேன். அதை வைத்து ஒரு ஜோக்கும் வரவில்லை, அதனால் விட்டேன்.

ஆன்டனி… அவன் வகுப்பில், வேண்டாம் என்று சொல்லப் பழகுவோம், என்று ஒரு நாடகம் போட்டேனே, நான்தான் குடிகார மாமா, அவன் கையைக் கட்டிக்கொண்டு, வேண்டாம் மாமா, எனக்குப் படிப்பு இருக்கு என்றான், எல்லோரும் கை தட்டினோம். கை தட்டுகிற கூட்டத்தில் வேண்டாம் சொல்லத்தான் பழக்கினேன். சிரிக்கிற கூட்டத்தில் சொல்லிவிட்டு எப்படி நிற்பது என்று சொல்லிக்கொடுத்தேனா? இன்றைக்கும் அவன் சொல்லியிருக்கிறான் பார், என் பாடத்தை நம்பி, முதலில் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறான்.

மிஸ், அந்த ஐஸ் கம்பெனி தாண்டி இடது பக்கம். சந்தில் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடுகிறேன், ஓட்டம் என்று சொல்லக்கூடாது, ஏதோ ஒன்று. மாடிப்படி. சாவி பூட்டில் நுழைய மாட்டேன் என்கிறது, நான் வாங்கித் திருப்பிப் போடுகிறேன், டயானா கதவை இழுத்துப் பிடிக்க, இரண்டு பேருமாகத்தான் திறந்தோம். மூலையில் மடித்துப் போட்ட வலை, ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன், அதற்குக் கீழே ஆன்டனி, உயரமாகிவிட்டான், மீசை வந்திருக்கிறது, உதடு வெளுத்து நீலம் பாய்ந்து… நெஞ்சில் காதை வைத்தேன், டம் டம் என்று கேட்கிறது, அது அவனுடையதா என்னுடையதா தெரியவில்லை. பிடி பிள்ள, ஒருக்களிச்சுத் திருப்பு, தலையணையைத் தூக்கி எறி. இரண்டு பேரும் உருட்டினோம். வாயில் விரலை விட்டேன், புளித்த நாற்றத்தோடு என்னவோ வழிந்தது, இன்னும் தோண்டினேன், ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை, ஏலே ஆன்டனி, முதுகில் அறைந்தேன், ஏலே… அப்புறம் தொண்டையில் ஒரு கரகரப்பு. பழைய மோட்டார் இழுத்து இழுத்துப் பிடிக்குமே, அப்படி. நின்றது. மறுபடி வந்தது. வாழ்க்கையில் இவ்வளவு அசிங்கமான, இவ்வளவு அழகான சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஆம்புலன்ஸில் மாஸ்க் போட்டுவிட்டார்கள். ஆம்புலன்ஸ்காரத் தம்பி, உசுரு இருக்கு டீச்சர், ஆஸ்பத்திரி போய்த்தான் மத்தது, என்று ஆன்டனியின் விரலில் மாட்டிய கருவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்லுகிறான். மாஸ்க்கில் மூச்சின் ஆவி படிகிறது, மறைகிறது, அடுத்ததற்கு நேரமாகிறது, படிகிறது. டயானா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, நீங்க சிரிச்சீங்கல்ல மிஸ், அதான் நான் ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன், என்கிறாள். குற்றம் சொல்லவில்லை, நன்றாகப் படிக்கிற பிள்ளை ஏன் தப்பாக எழுதினேன் என்று விளக்குவதுபோலச் சொல்லுகிறாள். நான் அவள் தலையைத் தடவுகிறேன். வகுப்பே சிரித்ததே என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன், என்னவோ அது ஒரு சாட்சி மாதிரி… வகுப்பேவா? ஜோக் சொல்லுகிறவள் சிரிக்கிற முகத்தைத்தான் பார்ப்பாள், அந்தப் பக்கமே திரும்பித் திரும்பி. கண்ணை மூடி மறுபடி பார்க்கிறேன். முன் பெஞ்சு சிரிக்கிறது, ஜன்னல் ஓரம் சிரிக்கிறது. மூன்றாவது பெஞ்சில் சுந்தர்சிங் சிரிக்கவில்லை. பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, ஜோக் முடிந்து பதில் எப்போது வரும் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பக்கத்தில், தலையைக் குனிந்துகொண்டு ஒரு பிள்ளை… ஆண்டவரே, அது யார்?