யூதாஸின் பல் முரசுக்கு வைத்தியம்

2025 மார்ச் 9ஆம் திகதி, தவக்காலத்தின் முதல் ஞாயிறு மாலை, மன்னார் வங்காலையில் நடந்த பாஸ்கு நாடக ஒத்திகையில் யூதாஸின் முத்தத்தை இயேசு ஏற்க மறுத்தார்.

இயேசு வேடம் றொகானுக்கு. அவர் வங்கியில் வேலை பார்ப்பவர். யூதாஸ் மில்ரன், கடற்கரையில் மீன் வாங்கி விற்கும் வாடி வைத்திருப்பவர். கெத்சமனித் தோட்டக் காட்சியில் மில்ரன் கைகளை விரித்துக்கொண்டு கிட்டப் போனதும் றொகான் முகத்தைத் திருப்பினார். மறுபடி போனபோது பின்னால் நகர்ந்தார். அதற்குப் பிறகு மேடையை விட்டே இறங்கிவிட்டார்.

"என்ன தம்பி, பாட்டு மறந்துபோச்சோ?" என்று கேட்டார் அண்ணாவியார் அம்புறோஸ். பாஸ்கைப் பழக்குகிறவர் அவர்.

"பாட்டு மறக்கேல்லை, அண்ணாவியார். மில்ரன் அண்ணையின்ரை வாய் நாறுது. நான் கெத்சமனியிலேயே செத்துப்போனால் பிறகு சிலுவையிலை ஆரை அறையிறது?"

ரோமைச் சேவகர்கள் ஈட்டிகளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். மில்ரன் சிரிக்கவில்லை. வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்னரே அவருடைய பல் முரசு வீங்கத் தொடங்கிவிட்டது. காலையில் பல் விளக்கினால் துப்பல் சிவந்து வரும். மனைவி திரேசம்மா பார்க்குமுன் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார். முரசைப்பற்றி அவருக்குக் கவலையில்லை, யூதாஸைப் பற்றித்தான் கவலை. வருடம் முழுவதும் அவர் கடன் கேட்பவர்களுக்கும் கறி மீன் கேட்பவர்களுக்கும் பதில் சொல்கிற ஒரு வாடிக்காரர். ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமையில், யூதாஸாக மேடையேறும்போது மட்டும், ஊர் முழுவதும் அவரை மனமார வெறுக்கும். இலுப்பைக்கடவையிலிருந்து பாஸ்கு பார்க்க வந்த ஒரு பெண் ஒருமுறை செருப்பைக் கழற்றி எறிந்தாள். அது அவருடைய காதை உரசிக்கொண்டு போனது. அதைவிடப் பெரிய பரிசு எந்த நடிகனுக்கும் கிடைத்ததில்லை என்று அவர் நம்பினார்.

அன்றைக்கே பாஸ்குக் குழு கூடியது. முத்தத்தை விட்டுவிடலாமே என்று ஒருவர் சொன்னார்.

"முத்தமில்லாமல் இயேசுவை எப்பிடிக் காட்டிக் குடுக்கிறது?" என்றார் அண்ணாவியார். "விரலாலை காட்டினால் அது பாஸ்கு இல்லை, பொலிஸ் அடையாள அணிவகுப்பு."

முடிவு இதுதான்: குருத்தோலை ஞாயிற்றுக்குள் மில்ரனின் வாய் சரியாக வேண்டும். இல்லையென்றால் ரியூசன் வாத்தியார் துஷாந்தன் யூதாஸ். துஷாந்தனுக்கு விளம்பரத்தில் வருவதுபோல வெள்ளை வெளேரென்ற பற்கள்.

"மன்னாருக்குப் போய்ப் பல் டொக்டரிட்டைக் காட்டுங்கோவன்," என்றாள் திரேசம்மா.

"அவங்கள் பிடுங்கிப்போடுவாங்கள். பொக்கை வாய் யூதாஸைப் பார்த்து ஆரப்பா ஆத்திரப்படுவினம்? பாவம் எண்டு சோறு போடுவினம்."

ஆகவே செடி கொடிகளிடம் போவதென்று தீர்மானமாயிற்று.

செய்தி ஊரில் பரவ ஒரு பூசை நேரம் போதுமாக இருந்தது. அடுத்த ஞாயிறு மன்றாட்டில் ஒரு பெண் எழுந்து, "மில்ரன் அண்ணையின்ரை பல் முரசுக்காக மன்றாடுவோம்" என்று சொன்னாள். சனம் முழுவதும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. அதன் பிறகு முரசு ஊருக்குச் சொந்தமாகிவிட்டது. பஸ் தரிப்பிடத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார்கள். மீன் ஏலம் நடுவில் நின்றது. பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்த கையோடு ஏலக்காரர் மில்ரனின் உதட்டையும் தூக்கிப் பார்த்து, "மீன் பரவாயில்லை" என்றார்.

திரேசம்மாவின் குசினி மருந்துக் கடையாயிற்று. கொய்யா இலை அவித்த தண்ணீர் காலையில். வேலம்பட்டைத் தூளும் உப்பும் மத்தியானம். இரவில் நல்லெண்ணெய் கொப்பளிப்பு. வேப்பங்குச்சியால் தேய்க்கவேண்டியது நுனியாலா அடியாலா என்று இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. கடுக்காய்த் தூளில் பற்கள் கறுத்தன. மஞ்சள் போட்டதும் அந்தக் கறுப்பின்மேல் ஒரு மஞ்சள் படை ஏறியது. தவக்காலம் என்பதால் மருந்து எவ்வளவு கைக்கிறதோ அவ்வளவு புண்ணியம் என்று ஊர் நினைத்தது. இனிப்பான அதிமதுரம் கொண்டுவந்த ஒருவரைத் திரேசம்மா வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

இதற்கிடையில் ஒரு சிக்கல் இருந்தது. பாஸ்கில் நடிப்பவர்கள் எல்லோரும் ஒருசந்தி இருக்கவேண்டும் என்பது அண்ணாவியார் வைத்த சட்டம். பகலில் பட்டினி கிடந்தால் நல்ல வாயே நாறும். மில்ரனின் வாய் மருந்தால் ஏறிய படிகளைப் பட்டினியால் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில்தான் முசலிப் பக்கத்திலிருந்து அப்துல் ஹமீட் லொறியில் ஐஸ் கொண்டுவந்தார். அவருக்கும் நோன்பு. வாடியின் நிழலில் குந்தியிருந்து மில்ரனின் கதையைக் கடைசிவரை கேட்டார்.

"இதுக்கா தம்பி ஊரைக் கூட்டினீங்க? எங்கட பள்ளிக்குப் பின்னால உவாய் மரம் நிக்குது. அந்தக் குச்சிதான் நாங்க பல்லுத் தேய்க்கிற மிஸ்வாக். வாப்பாட வாப்பா காலத்திலயிருந்து அதுதான்." பொக்கற்றிலிருந்து ஒரு குச்சியை எடுத்து இரண்டாக முறித்துப் பாதியைக் கொடுத்தார். "பிறகு ஒண்டு. நோன்பாளிட வாய் வாடை அல்லாஹ்வுக்குக் கஸ்தூரியை விட மணமாம். நீங்க வெக்கப்படாதீங்க."

மில்ரன் இந்தக் கருத்தை அன்று மாலையே குழுவுக்குக் கொண்டுபோனார். கடவுளுக்கே மணமாக இருப்பது இயேசுவுக்கு எப்படி நாறும் என்று கேட்டார். குழு நெடுநேரம் யோசித்தது. பங்குச் சுவாமியாரைக் கேட்கலாமா என்றுகூட ஒருவர் சொன்னார்.

"அண்ணை," என்றார் றொகான், "நான் கடவுள் இல்லை. நான் வங்கியிலை வேலை."

ஆனால் உவாய்க் குச்சி வேலை செய்தது. உறைப்பும் உப்புமான அதன் நாரை மென்று மென்று தேய்க்க, துப்பலின் சிவப்பு வெளிறியது. குருத்தோலை ஞாயிறன்று குழு முழுவதும் சுற்றிநிற்க, றொகான் தயங்கித் தயங்கி மூக்கைக் கிட்டக் கொண்டுவந்தார். கண்ணை மூடினார்.

"தாங்கலாம்," என்றார்.

தாங்கலாம் என்ற சொல் மில்ரனுக்குப் போதவில்லை. பாஸ்கு புதன்கிழமை மாலை. மேடையில் றொகான் கடைசி நிமிடத்தில் முகத்தைத் திருப்பிவிட்டால்? கனடாவிலிருந்து வந்தவர்கள் வேறு கைபேசியைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். கட்டுக்கரைப் பக்கத்து வயல் வரம்பிலிருந்து யாரோ ஒரு பை நிறையப் பல்வலிப்பூண்டு கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். மஞ்சள் மொட்டு, ஒன்றைக் கடித்தால் பல்வலி மரத்துப்போகும். மில்ரன் ஒரு கைப்பிடியைக் கடித்தார். இரண்டு கன்னத்துக் கொடுப்பிலும் கராம்பை அடைத்தார். அதே வாயோடு கெத்சமனிக்குப் போனார்.

கிட்டப் போனார். றொகான் முகத்தைத் திருப்பவில்லை. மில்ரன் அவரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் உதட்டை வைத்தார். வைத்தாரா? உதடு இருக்கிற இடமே தெரியவில்லை. நாக்கு எங்கேயோ கிடந்தது. இன்னும் படவில்லைபோல என்று நினைத்து அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார்.

யூதாஸ் கையை எடுத்த பிறகுதான் இயேசுவைப் பிடிக்கவேண்டும் என்பது சேவகர்களுக்கான கட்டளை. அவர்கள் ஈட்டியோடு காத்துநின்றார்கள். பாட்டு முடிந்தது. அண்ணாவியார் கையைக் காட்ட, பாடகர்கள் அதே ஒப்பாரியை மறுபடி தொடங்கினார்கள்.

"காணும் அண்ணை, விடுங்கோ," என்று றொகான் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

பட்டதா என்று கேட்க மில்ரன் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை, வாய்நீர்தான் ஒழுகி வெள்ளை அங்கியை நனைத்தது. கராம்பின் காரத்தில் கண்ணீர் கொட்டியது. சனத்துக்குத் தெரிந்ததெல்லாம், யூதாஸ் இயேசுவின் தோளில் முகம் புதைத்து அழுகிறான், விடமாட்டேன் என்கிறான்.

"அவன் மனம் மாறிற்றான்!" என்று முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து கத்தினாள். "பாருங்கோ, மனம் மாறிற்றான்!"

வேறு வழியில்லாமல் சேவகர்கள் யூதாஸைப் பிடித்து இழுத்தார்கள். முத்தம் பட்டதோ இல்லையோ தெரியாத மில்ரன் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"விடுங்கோடா அவனை! மேலிலை கை வைச்சால் தெரியும்!" என்று பின்னாலிருந்து ஆண்கள் எழுந்தார்கள். யூதாஸ் தூக்குப்போடும் காட்சியில் பெண்கள், "வேண்டாம் ராசா, வேண்டாம்" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். இயேசுவைச் சிலுவையில் அறைந்தபோது சனம் அழுது களைத்துப் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தது.

திரைக்குப் பின்னால் மில்ரன் றொகானிடம் வாயைத் தொட்டுக் காட்டிச் சைகையால் கேட்டார்.

"வாய்க்கு ஒரு குறையுமில்லை அண்ணை," என்றார் றொகான். அவருடைய முள்முடி இன்னும் தலையில் இருந்தது. "புரியாணி மாதிரி வாசம். ஆனால் என்னை ஆர் அண்ணை பார்த்தது?"

ஈஸ்டர் முடிந்து குழு கூடியது. மில்ரனின் நாக்கு அதற்குள் திரும்பி வந்துவிட்டது. அவர் எழுந்து, வாய் சரியாகிவிட்டதே, இனி என்ன குறை என்று கேட்டார்.

"வாயிலை ஒண்டுமில்லை," என்றார் அண்ணாவியார். "யூதாஸைக் கண்டால் சனத்துக்கு ஆத்திரம் வரவேணும். உன்னைக் கண்டால் இனி அழுகைதான் வரும். சந்தையிலை உன்ரை மனிசிக்கு இரக்கப்பட்டு மரக்கறி சும்மா குடுக்கினமாம். இது சரிவராது, மில்ரன்."



மே மாதம் மில்ரன் மன்னாரில் ஒரு பல் வைத்தியரிடம் போனார். வைத்தியர் பற்களில் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார், ஆட்டம் கண்ட ஒரு முன் பல்லைப் பிடுங்கினார், குச்சியால் தேய்ப்பதைத் தொடரலாம் என்றார். இரத்தம் வருவது நின்றது. 2026ஆம் ஆண்டுப் பாஸ்கில் துஷாந்தன் யூதாஸாக நடித்தார். மில்ரன் திரை இழுத்தார்.