காவல்காரனின் முதுகு

“இப்படிப் பிடிச்சு, இப்படி ஒரு முறுக்கு. கத்தி தானா கீழ விழுந்திருக்கும்” என்று மாடி வீட்டுக்காரர் தம் இடது மணிக்கட்டை வலது கையால் முறுக்கிக் காட்டினார். அவர் முறுக்கியது அவருக்கே வலித்துவிட்டது. முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை உதறினார்.

மாமனார் வாசலில் வாடகை நாற்காலிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றுக்குள் ஒன்று இறுகிக் கிடந்தன. காலால் மிதித்துக்கொண்டு இழுத்தாலும் வரவில்லை.

“நீங்க அங்க இருந்திருக்கணும் சார்” என்றார்.

“அதானே பெரியவரே” என்றார் மாடி வீட்டுக்காரர். கிண்டல்கூடப் புரியாத ஜென்மம்.

காலையிலிருந்து இதே பாட்டுத்தான். ஒருவன் மிளகாய்ப் பொடி வைத்திருக்க வேண்டும் என்றான். இன்னொருவன் முழங்காலில் ஒரு உதை போதும் என்றான். ஒரு நாளும் எந்தக் கடை வாசலிலும் நிற்காதவர்கள். குடித்தவன் கையில் கத்தி இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, செத்தவனைத் தவிர.

செத்தவன் மருமகன். துணிக்கடையில் செக்யூரிட்டி. நேற்று மத்தியானம் ஒரு குடிகாரன் கடை வாசலில் வைத்துக் குத்திவிட்டான். போலீஸ் அவனைப் பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் போஸ்ட்மார்ட்டம் எல்லாம் முடித்து உடலை இப்போது கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மாமனார் காலமெல்லாம் லாரி ஓட்டினவர். முன்னால் போகிறவன் கை காட்டினாலும் நம்ப மாட்டார், தானே எட்டிப் பார்த்த பிறகுதான் முந்துவார். காலையில், போஸ்ட்மார்ட்டத்துக்கு முன்னால், பிணவறையிலும் அப்படித்தான். “உங்க ஆள்தான், கையெழுத்துப் போடுங்க” என்றவனை ஒதுக்கிவிட்டுத் துணியை முழுக்க விலக்கச் சொன்னார். முன்பக்கம் ஒன்றுமே இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. திருப்பிக் காட்டினார்கள். முதுகு.

அந்தச் சேதி அவருக்கு முன்பே தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. “முதுகுலன்னா ஓடியிருப்பான், பாவம்” என்று இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். ஓடியிருப்பான் என்றதைவிடப் பாவம் என்றதுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அவர் மனதிலும் அதேதான் ஓடியது. மருமகன் மேல் அவருக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கிற ஆள். குரலை உயர்த்தத் தெரியாது. இந்தக் குரலை வைத்துக்கொண்டு இவன் எதைக் காக்கிறான் என்று மகளிடமே கேட்டிருக்கிறார். அவள் இரண்டு நாள் பேசவில்லை.

மகள் உள்ளேயிருந்து வந்தாள். அழுது முடித்த முகம் இல்லை, அழ நேரம் கிடைக்காத முகம்.

“அப்பா, அவரோட இன்னொரு யூனிஃபாரம் கொடியில காணோம்.”

“காத்துல விழுந்திருக்கும்.”

“சூப்பர்வைசர் காலைலயே வந்து எடுத்துட்டுப் போயிட்டாராம். நாம ஆஸ்பத்திரில இருந்தப்போ.”

“எடுத்துட்டுப் போறான், விடு. போட்டிருந்தது போலீஸ்கிட்ட, இது அவன்கிட்ட. நல்ல சட்டை ஒண்ணு இருக்கே, கல்யாணத்துக்கு எடுத்தது.”

“எனக்கு அந்தச் சட்டைதான் வேணும்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “ஓடிட்டாருன்னு பேசுறாங்க, என் காதுலயும் விழுது. யூனிஃபாரம் இல்லாம அனுப்பினா, வேலையை விட்டு ஓடினவருன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. நீ போய் வாங்கிட்டு வாப்பா.”

போக வேண்டியிருக்கவில்லை. சூப்பர்வைசரே வந்து இறங்கினான். மோட்டார் சைக்கிளின் ஒரு பக்கக் கைப்பிடியில் மலர் வளையம், மறுபக்கம் துணிக்கடைப் பை. பையின் வாயில் காக்கிச் சட்டையின் கை எட்டிப் பார்த்தது. கூடவே நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடும் இன்னொரு செக்யூரிட்டியும் வந்திருந்தான். மருமகனோடு ஒரே வாசலில் நிற்பவன். அவன் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான்.

“அந்தச் சட்டையைக் குடு தம்பி” என்றார் மாமனார், வளையத்தைக் கண்டுகொள்ளாமல்.

“அது கம்பெனி சொத்து ஐயா. விசாரணை முடியற வரைக்கும்…”

“செத்தவன்கிட்ட என்ன விசாரணை?”

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினான். “டிரெயினிங்ல தெளிவா சொல்லியிருக்கோம் ஐயா. குடிச்சவன், கையில ஏதோ வச்சிருக்கான்னு சந்தேகம் வந்தாலே எட்டி நிக்கணும். சத்தம் போடக் கூடாது. ஒருத்தர்தான் பேசணும். அவன் கையையே பாத்துக்கிட்டு இருக்கணும். போலீஸ் வர்ற வரைக்கும் தாக்குப் பிடிக்கணும். முதுகை மட்டும் காட்டவே கூடாது. உங்க மருமகன் காட்டிட்டாரு. இடத்தை விட்டு ஓடினதாத்தான் மேலிடத்துல நினைக்கிறாங்க. இதுல யூனிஃபாரத்தோட படுக்க வச்சு, யாராவது போட்டோ எடுத்து… கம்பெனி பேரு என்ன ஆகும்?”

மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போல மளமளவென்று சொன்னான்.

“நீ எங்க நின்ன?”

“நானா? நான் உள்ள… எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

பதில் மாமனாருக்கு வந்தது. அவன் பார்வை நெட்டையனிடம் போனது. பிரேக் பிடிக்கவில்லை என்று பொய் சொல்கிற டிரைவர்கள் கிளீனரை அப்படித்தான் பார்ப்பார்கள்.

மாமனார் நெட்டையனின் முழங்கையைப் பிடித்து வீட்டுப் பக்கவாட்டுச் சந்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“நடந்ததைச் சொல்லு. டிரெயினிங் வேண்டாம்.”

நெட்டையன் சந்தின் வாயை ஒருமுறை எட்டிப் பார்த்தான். “அந்த ஆளோட சம்சாரம் எங்க கடையிலதான் வேலை பாக்குது ஐயா. அதைக் கூப்பிடுன்னு வந்து நின்னான். நிக்கவே முடியல, அவ்வளவு குடி. இடுப்புல பேப்பர் சுத்தி என்னமோ சொருகியிருந்தான். பாட்டிலா கத்தியான்னு தெரியல.”

“என் மருமகன் என்ன பண்ணான்?”

“அண்ணன் பக்கத்துல போகவே இல்ல. வழியை மறைக்காம ஓரமா நின்னாரு. ஸ்டூலைக் காலால தள்ளிவிட்டு, ‘உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க’ன்னாரு. பேசிக்கிட்டே இருந்தாரு. புள்ளைங்க எத்தனை, எந்த ஸ்கூலு, அதெல்லாம். அதுக்குள்ள அந்தம்மாவைப் பின் வாசல் வழியா அனுப்பியாச்சு. அவன் உக்காந்துட்டான் ஐயா. அழ ஆரம்பிச்சுட்டான். முடிஞ்சுதுன்னுதான் நினைச்சேன்.”

“அப்புறம்?”

“உள்ளேருந்து ‘ஷட்டரப் போடு’ன்னு ஒரு குரல்.”

“யார் குரல்?”

நெட்டையன் தன் ஷூவைப் பார்த்தான். “துணி திருடுறவங்களை அப்படித்தான் பிடிப்போம். குரல் வந்ததும் கை தானா போயிடும். யோசிக்கவே இல்ல ஐயா, இழுத்துட்டேன். பாதி இறங்கிடுச்சு. அந்தச் சத்தத்துல அவன் துள்ளி எழுந்துட்டான், அடைக்கிறாங்கன்னு. அண்ணன் என்னைப் பாத்துத் திரும்பி, ‘தூக்குடா! வழி விடு, அவன் போகட்டும்!’னு கத்தினாரு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல.”

“திரும்பித் தொலைஞ்சானா!” மாமனார் சுவரில் கையால் அடித்தார். “அவனைப் பாத்துக்கிட்டே கத்தியிருக்க வேண்டியதுதானே. இந்த அறிவுகூட இல்லையா?”

“முதல்ல அப்படித்தான் சொன்னாரு ஐயா. ஷட்டர் சத்தத்துல எனக்குக் கேக்கல. அதான் திரும்பினாரு.”

சந்தில் யாரோ உலர்த்தியிருந்த தலையணை உறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இதைப் போலீஸ்ல சொன்னியா?”

“வேலை போயிடும் ஐயா.”

அறையலாமென்று கை வந்தது. அறைந்து என்ன ஆகப்போகிறது என்று வேட்டியில் துடைத்துக்கொண்டார். “சொல்லு. இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு. என்கிட்ட சொன்னது மாதிரியே சொல்லு.”

நெட்டையன் தலையை ஆட்டினான். சொல்வான் என்று மாமனார் நம்பவில்லை. அவர் யாரைத்தான் நம்பினார்.

வாசலில் ஆஸ்பத்திரி வண்டி வந்து நின்றது. எல்லோரும் பின்கதவுப் பக்கம் ஓடினார்கள். மாமனார் நேராக மோட்டார் சைக்கிளிடம் போய்க் கைப்பிடியிலிருந்த பையைக் கழற்றினார்.

“ஐயா, அது…” என்று சூப்பர்வைசர் வந்தான்.

மாமனார் அவன் காதருகே போனார். “ஷட்டரப் போடச் சொன்னது யாருன்னு இங்கயே சத்தமா கேக்கட்டுமா?”

சூப்பர்வைசர் மலர் வளையத்தில் கோணலாக இருந்த ஒரு பூவை நிமிர்த்தினான். இன்னொரு பூவையும் நிமிர்த்தினான். பிறகு, “மேலிடத்துல கேட்டா நான் பாக்கலைன்னு சொல்லிடறேன் ஐயா” என்றான்.

“நீ எதைத்தான் பாத்த.”

கூடத்தில் பெஞ்சின் மேல் மருமகனைக் கிடத்தினார்கள். மகளையும் வண்டி டிரைவரையும் தவிர மற்றவர்களை மாமனார் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். சட்டையை விரித்தார். ஈரம் போயிருந்தது, சுருக்கம் போகவில்லை. வலது கையை நுழைக்கப் பார்த்தார். கை மடங்கவில்லை. கட்டையாகி உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

“வெந்நீர் ஒத்தடம் குடுத்தா இளகும்” என்று ஜன்னல் வழியாக மாடி வீட்டுக்காரர் குரல் வந்தது. மாமனார் ஜன்னலையும் சாத்தினார்.

“இப்படி வராது பெரியவரே” என்றார் டிரைவர். இது அவருக்குத் தினப்படி வேலை. “பின்பக்கம் காலர்லேருந்து கீழ வரைக்கும் வெட்டிடுங்க. முன்னாலேருந்து போட்டுச் சொருகிடலாம். பாக்கிறவங்களுக்குத் தெரியாது.”

மகள் கத்தரிக்கோலை எடுத்துவந்து கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. கீழிருந்து மேலாக வெட்டிக்கொண்டு போனார். துணி சுலபமாக விட்டுக்கொடுத்தது. காலர் மட்டும் தடித்து நின்றது. கத்தரிக்கோலை இரண்டு கையாலும் பிடித்து அமுக்க வேண்டியிருந்தது.

ஆளுக்கொரு கையாக நுழைத்தார்கள். மகள் பொத்தான் போடத் தொடங்கினாள்.

“ஷட்டரைத் தூக்கச் சொல்லத்தான் திரும்பியிருக்கான்” என்றார் அவர்.

“யாருக்கு?”

“அந்தக் குடிகாரன் வெளிய போக.”

மகளின் விரல் ஒரு பொத்தானில் நின்றது. “வீட்லயும் அப்படித்தான்” என்றாள். “கதவுகிட்ட யார் வந்தாலும் ஒதுங்கி நிப்பாரு. கையில கொதிக்கிற பாத்திரத்தோட நான் பின்னால நிப்பேன், எதிர்ல வர்ற குழந்தைக்கு வழி விட்டுக்கிட்டு இருப்பாரு. எரிச்சலா வரும்.” அடுத்த பொத்தானுக்குப் போனாள்.

டிரைவர் தோளைச் சற்றுத் தூக்கிக் கொடுத்தார். மாமனார் கையை முதுகுக்கடியில் விட்டு, வெட்டுப்பட்ட இரண்டு ஓரங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து வைத்தார். கையை எடுக்கப் போனால் விலகிக்கொண்டன. மறுபடி இழுத்துச் சேர்த்தார்.

“எல்லாரும் காத்திருக்காங்க பெரியவரே. கதவைத் திறக்கலாமா?”

“இருப்பா” என்றார் மாமனார். கை அடியிலேயே இருந்தது.