முன் சீட்டு

விற்பனைக்காரர் புது வண்டியின் பின்கதவைத் திறந்து, "பாப்பா இங்கதான் உக்காரணும், பெல்ட் போட்டு," என்றபோது அம்மா மகளின் கையை விடவில்லை.

ஏழு வயது மகள் அம்மாவைப் பார்த்தாள். பழைய கூபே காரில் அவளுக்கு எப்போதும் முன் சீட்டுதான். அதற்கு இரண்டே கதவு, பின்னால் போவதென்றால் முன் சீட்டை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும் என்று அம்மாதான் சாக்குச் சொல்லி உட்காரவைத்திருந்தாள். உண்மை வேறு. ஒரு வருடமாக அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. எதிர்வெயில் என்றால் சுத்தமாகத் தெரியாது. மகள் ரோட்டைப் பார்த்துச் சொல்வதற்கு 'சொல்லு விளையாட்டு' என்று பெயர் வைத்துவிட்டாள். மகள் வழி நெடுக ஒப்பிப்பாள்: சிவப்பு, சைக்கிள், பச்சை, நாய். மகள் இல்லாத நேரங்களில் சிக்னலே இல்லாத சந்துகளாகப் பார்த்துச் சுற்றிப் போவாள். அவள் வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றும் நர்சு. வண்டி ஓட்ட முடியாது என்று தெரிந்தால் வேலை போய்விடும். அந்தப் பயத்தில் கண் டாக்டரிடம்கூடப் போகவில்லை. செய்வது தப்பென்று தெரியாதவளா? தெரிந்துதான் செய்தாள்.

போன வாரம் அவள் கேட் தூணில் இடித்ததும் கணவன் பழியைத் தூக்கிக் கூபேயின் தலையில் போட்டான். இப்போது புது வண்டியைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "அது வண்டியா, குழி. உள்ள உக்காந்தா ரோடே தெரியாது. இது மாடி மாதிரி. நாலு சக்கரமும் இழுக்கும், சேறு சகதி எதுக்கும் அசையாது. ஒரு சுத்து ஓட்டித்தான் பாரேன்."

மறுக்க வாயெடுப்பதற்குள் சாவி கைக்கு வந்துவிட்டது.

கூபேயில் கதவை ஒட்டியே ஓடிவரும் வெள்ளைக்கோடு அவளுக்குக் கைப்பிடிச்சுவர். இங்கே அது எங்கோ கீழே போய்விட்டது. இன்ஜின் முனகலும் கேட்கவில்லை, வேகம் பிடிபடவில்லை. உருட்டிக்கொண்டே போனாள்.

"என்ன, ஊர்வலமா போறோம்?" பக்கத்திலிருந்து கணவன் சிரித்தான்.

திருப்பம் தாண்டியதும் சாயங்கால வெயில் கண்ணாடி முழுக்க விரிந்தது. சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம். மிதித்து நிறுத்தினாள்.

பின்னாலிருந்து மகளின் குரல் அழுகையோடு வந்தது. "அம்மா, சீட்டு மறைக்குது. என்னால சொல்ல முடியலம்மா."

"நீ என்னத்தடி சொல்லணும்?" என்று கணவன் திரும்பினான். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்வண்டி ஹாரன் அடித்தது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பச்சையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பொறுமையில்லாதவன் சிவப்பிலும் அடிப்பானே! அவள் கால் பிரேக்கை விட்டு எழவில்லை. கணவனின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. சிக்னலை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன கலரு எரியுது, சொல்லு," என்றான் மெதுவாக.

ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் அந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.