புள்ளி வைக்காத இடம்

அம்மா டம்ளரைப் பிடுங்கிய வேகத்தில் தண்ணீர் பெரியப்பாவின் சட்டையெல்லாம் கொட்டியது.

“இது வேணாம், வேற தரேன்” என்றாள் அம்மா. துக்கத்துக்கு வந்த மனிதர் ஒன்றும் புரியாமல் சட்டையை உதறிக்கொண்டார். டம்ளரின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. கூடத்தில் கிடத்தியிருந்த அண்ணன் தன் கையால் வைத்த புள்ளி. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் பெயர்ப்பலகை எழுதுகிறவன். எச்.ஐ.வி. என்று தெரிந்த அன்று நேராக வீட்டுக்கு வந்து தூரிகையை எடுத்தான். தன் டம்ளர், தட்டு, சோப்பு டப்பா, துண்டு மாட்டும் ஆணி, ஒன்றையும் விடவில்லை. எல்லாப் புள்ளியும் அளவெடுத்தது போல் ஒரே அளவு. அவன் வேலையில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. “பெயின்ட்ல விஷம் இருக்கு, என் சாமானை நீ தொடாத” என்று அண்ணியிடம் சொன்னான். அவளும் நம்பினாள். அவன் சாப்பாட்டு டப்பாவில் இருந்த புள்ளியைப் பார்த்துக் கூட வேலை செய்கிறவர்கள், “பெரும்புள்ளி வந்துட்டாருப்பா” என்று கிண்டல் செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

உண்மை தெரிந்தது அம்மாவுக்கும் தங்கைக்கும்தான். ஆஸ்பத்திரிக்கு அவனோடு போனவளே தங்கைதான். டம்ளரால் பரவாது, தட்டால் பரவாது, தொட்டாலும் பரவாது என்று அங்கே ஆலோசனை சொன்ன அம்மாள் படித்துப் படித்துச் சொன்னார். தினமும் மாத்திரை, தவறாமல் ஆணுறை, மனைவிக்குப் பரிசோதனை என்று மூன்று விரலை மடக்கிக் காட்டினார். அண்ணன் அந்த மூன்றையும் விட்டுவிட்டு டம்ளரைப் பிடித்துக்கொண்டான். “அவகிட்ட நானே சொல்றேன், நீ வாயைத் திறக்காத” என்று தங்கையிடம் சத்தியம் வாங்கினான். மூன்று வருடமாகியும் சொல்லவில்லை. உடம்பு தேறியதும் மாத்திரையையும் நிறுத்தினான். கடைசியில் நுரையீரல் கெட்டு, இன்று காலையில் போய்விட்டான்.

அண்ணிக்கு இது ஐந்தாவது மாதம். ஸ்கேன் மட்டும் போதும் என்று அண்ணனே கூட்டிப் போய்க் கூட்டி வந்துவிட்டான். ரத்தப் பரிசோதனைப் பக்கமே அவளை விடவில்லை.

தங்கை அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

“அண்ணியை டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“உனக்கென்ன பைத்தியமா? நாலு மணிக்கு எடுக்கப்போறாங்க.”

“நாளையிலேர்ந்து ரெண்டு நாள் டெஸ்ட் எடுக்குற இடம் லீவும்மா. அதுக்குள்ள அவங்க அப்பா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவாரு. அங்க யாரு சொல்லுவா?”

“செத்தவன் மானத்தையும் வாங்கணுமாடி? நாமதான் எல்லாத்தையும் தனித்தனியா வெச்சிருந்தோமே.”

“எல்லாத்தையும்னா? கட்டிலையுமா?”

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கை அவளைத் தாண்டிப் போனாள்.

அண்ணி பின்னறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தங்கை கதவைச் சாத்திவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள். அண்ணி கன்னத்தில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கேட்டாள்.

“உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“மூணு வருஷமா.”

ஓங்கி ஓர் அறை விழுந்தது. தங்கை கன்னத்தைத் தொடக்கூட இல்லை. அந்த அறை அவளுக்கு வேண்டியிருந்தது.

“குழந்தைக்கு?”

“எனக்குத் தெரியாது அண்ணி. ஆனா இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா காப்பாத்தலாம்னு சொல்றாங்க.”

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “என் செருப்பை எடு” என்றாள்.

கொல்லைப்புறமாக வெளியேறி ஆட்டோ பிடித்தார்கள். பரிசோதனை மையத்தில் நர்ஸ் ரத்தம் எடுத்தாள். முடிவு வரும் வரை அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று முறை சோதித்தும் ஒரே பதில்தான் வந்தது. அவளுக்கும் இருந்தது. அண்ணி அழவில்லை.

“நாள் தவறாம, அதே நேரத்துக்கு சாப்பிடணும்மா” என்றாள் நர்ஸ். “அப்படி சாப்பிட்டா கிருமி ரத்தத்துல கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சிடும். குழந்தை பொறந்ததும் அதுக்கும் மருந்து தருவோம். இந்த மாதிரி எத்தனையோ குழந்தைங்க நல்லா பொறந்திருக்கு.”

“அவர் விடாம சாப்பிட்டிருந்தா எனக்கு வந்திருக்காதா?”

நர்ஸ் அவளை நேராகப் பார்த்தாள். “வந்திருக்காதும்மா.”

அண்ணி மெல்லத் தலையாட்டினாள். “மாத்திரையைக் குடுங்க. ராத்திரி எட்டு மணி எனக்கு வசதி.”

வீடு திரும்பியபோது மூன்றே கால். எங்கே போனாய் என்று கேட்ட நான்கு பேரையும் அண்ணி கையால் விலக்கினாள். நேரே போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் நகக்கண்ணில் ஒட்டியிருந்த சிவப்புப் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தாள். அது வரவில்லை. நாலு மணிக்கு எடுக்கும் வரை அவன் கையை விடவில்லை.

எல்லோரும் போனபின் அவனுடைய தகரப் பெட்டியைத் திறந்தாள். சிவப்பு டப்பாவையும் மெல்லிய தூரிகையையும் வெளியே எடுத்தாள்.

“அந்தச் சுவர்க் கடிகாரத்தைக் கழட்டிக் குடு.”

தங்கை கழற்றிக் கொடுத்தாள். அண்ணி அதை மடியில் வைத்து, கண்ணாடியில் எட்டுக்கு நேராக ஒரு புள்ளி வைத்தாள். பழக்கமில்லாத கை, புள்ளி கோணலாகி விரலிலும் அப்பிக்கொண்டது.

வாசலில் நின்ற அம்மா, “கையைக் கழுவும்மா, பெயின்ட்ல...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

தங்கை கடிகாரத்தை வாங்கி ஆணியில் மாட்டினாள். எட்டு மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.