அடுப்படிக்கு ஒரு கம்பி

செல்வின் மொட்டைமாடியில் ஒவ்வொரு கம்பி கட்டும்போதும் வீடு கொஞ்சம் நீண்டுகொடுத்தது. கம்பிக்கு இடம் வேண்டுமே. பாளையங்கோட்டையில் மனை விற்கிற விலையில் இது பெரிய லாபம். வீட்டுவரி மட்டும் கூடியது.

அவன் வீட்டிலிருந்தே ரேடியோவில் உலகத்தோடு பேசுகிற ஹாம். தண்ணீர்த் தொட்டியிலிருந்து வேப்பமரத்துக்குப் போகிற முதல் கம்பியில் பேசினால் ஜப்பானுக்குக் கேட்கும். இரண்டாவதில் பிரேசில். மூன்றாவதில் சிலி. மைக்கைப் பிடித்துவிட்டால் எவனும் அவனுக்கு மச்சான்தான். ஊரெல்லாம் உறவு, ஒருவாய்ச் சோறில்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

கம்பிக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு பக்கமும் நன்றாகப் பேசும். முனைக்கு நேரே இருப்பவருக்குக் கேட்காது. செல்வின் வீட்டு அடுப்படி முதல் கம்பியின் முனையில் இருந்தது. அதற்காகவே இரண்டாவதைக் குறுக்கே கட்டினான். அடுப்படி நகர்ந்து அதன் முனைக்குப் போய்விட்டது. மூன்றாவதைக் கட்டினான். அதற்கும் அப்படியே.

அடுப்படியில் அவன் மனைவி ஹெப்சி இருந்தாள். அவள் அனுப்பிய காலைக் காப்பி நடைவழியில் இன்னும் வந்துகொண்டிருந்தது.

அன்று பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா அடுப்படியிலிருந்து டவுன் பஸ் பிடித்து அவன் அறைக்கு வந்தாள்.

“ஹெப்சி நாசரேத்துக்கு, அம்மா வீட்டுக்கே போறாளாம், தம்பி.”

“எப்ப வருவா?”

“திரும்பி வாறவ சட்டி பானையக் கழுவிக் கமுத்துவாளா? போகாதன்னு ஒத்த வார்த்த சொன்னா இருந்துக்கிடுவாளாம். உன் வாயால கேக்கணுமாம்.”

ஹெப்சி இல்லாத வீட்டைச் செல்வின் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஹெப்சி இருக்கிற வீட்டையும் நினைத்துப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

“பஸ் வாசல்ல நிக்கி. ஏறுதியா?”

“செட்ட ஆன்ல போட்டுட்டு எப்படிக்கா வர? கம்பியில சொல்லிருதேன்.”

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கண்டக்டர் விசில் ஊதினார். அவள் போய்விட்டாள்.

செல்வின் முதல் கம்பியில், “போகாத” என்றான். ஜப்பானில் ஒரு ரயில் நின்றது.

இரண்டாவது கம்பியில் சொன்னான். பிரேசிலில் கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள்.

மூன்றாவதில் சொன்னான். சிலியிலிருந்து ஒர்லாந்தோ பதில் சொன்னார். ஹாம்கள் எந்த நாட்டிலிருந்தாலும் நெல்லைத் தமிழ்தான் பேசுவார்கள்.

“போகல அண்ணாச்சி. வாசல்லயே நிக்கேன். இங்க மழ.”

“உம்மச் சொல்லலவே. எம் பொண்டாட்டியச் சொன்னேன்.”

“பொறத்தால இன்னொரு சத்தம் கலந்து வருது. முப்பத்தஞ்சு மார்க்குதான் போடுவேன்.”

ஹாம்களுக்கு முழு மார்க் ஐம்பத்தொன்பது. செல்வினுக்கு அவமானமாக இருந்தது. பக்கத்தில் சும்மா கிடக்கிற கம்பி ஏதோ கெடுக்கிறது என்று மாடிக்கு ஓடினான்.

அங்கே ஹெப்சியின் துணிக்கொடி இருந்தது. அதுவும் கம்பிதான். ஒரு முனை தொட்டியில். மறுமுனை கண்ணுக்கெட்டாத தூரத்தில், அடுப்படி ஜன்னலில். கொடியில் அவன் துணிகள் மட்டும் காய்ந்தன. அவளுடையது ஒன்றும் இல்லை. எடுத்து வைக்க வேண்டிய துணி குறைவு என்று அவன் சந்தோஷப்பட்டான். மனுஷனுக்கு வேறு எதற்குத்தான் சந்தோஷம் வரும்?

கொடியைத் தொட்டிப் பக்கம் அறுத்து, நாலாவது கம்பியாக அறைக்குள் இழுத்து செட்டில் மாட்டினான். வீடு இன்னும் கொஞ்சம் நீண்டது.

இப்போதாவது அவளைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் புதுக் கம்பி கட்டினால் முதலில் மார்க் கேட்க வேண்டும். அது ஹாம் புத்தி. ஒர்லாந்தோவைக் கூப்பிட்டான்.

“சுத்தமா இருக்கு அண்ணாச்சி! அம்பத்தொம்பது. அந்தப் பொம்பளக் குரல் நின்னுட்டு.”

“எந்தப் பொம்பள?”

“நீங்க பேசும்போதெல்லாம் பொறத்தால கேக்குமே. என்னங்க, என்னங்கன்னு. வருசக்கணக்கா. ஜப்பான்காரரும் கேட்டுருக்காரு.”

“ஏன்வே எங்கிட்டச் சொல்லல?”

“உங்க வீட்டுக் குரல். உங்களுக்குக் கேக்காதான்னு இருந்துட்டோம்.”

காலைக் காப்பி வந்து சேர்ந்தது. மேலே ஆடை படிந்திருந்தது. அவனுக்கு அழுகை முட்டியது. அது கோபமாகத்தான் வெளியே வந்தது.

“அண்ணாச்சி, நாங்கல்லாம் இன்னும் நின்னுக்கிட்டுதான் இருக்கோம். போலாமா?”

செல்வின் பட்டனை அமுக்கினான்.

“போங்க. எல்லாரும் போங்க.”

ஜப்பானில் ரயில் நகர்ந்தது. பிரேசிலில் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். நாலாவது கம்பி ஹெப்சியுடையது. அதற்கு அடுப்படி எங்கே இருக்கிறதென்று தெரியும்.

ஸ்பீக்கரில் அடுப்படிக் கதவைச் சாத்திப் பூட்டும் சத்தம் கேட்டது. பிறகு கண்டக்டரின் விசில். இரைச்சலே இல்லை. ஐம்பத்தொன்பது மார்க் போடலாம்.